கிசில்சாவுக்கு அப்பா யார்?

சாய்கலுக்கு ஏழு தலைமுறையின் பெயர்களும் மனப்பாடம். அப்பா, அப்பாவின் அப்பா, அவருடைய அப்பா என்று ஏழாவது ஆள் வரைக்கும் மூச்சு விடாமல் சொல்லிவிடுவாள். அவர்கள் ஊரில் எல்லாப் பிள்ளைகளும் அதைச் சொல்லியாக வேண்டும். தெரியாமல் முழித்தால் போச்சு. "நீ என்ன, தவிட்டுக்கு வாங்கின பிள்ளையா?" என்று கேலி செய்தே கொன்றுவிடுவார்கள்.

அன்று வகுப்பில் சாய்கலின் முறை. நாலாவது பெயராக "பெய்ஷே" என்று அவள் சொன்னதும், பின்வரிசை மிர்சாத் துள்ளி எழுந்தான்.

"டீச்சர்! எனக்கும் பெய்ஷே இருக்காரு! அப்ப இவ எனக்குத் தங்கச்சி முறை. ஏய் தங்கச்சி, சாயங்காலம் அண்ணனோட பையைத் தூக்கிட்டு வா!"

வகுப்பே சிரித்தது. சாய்கல் அசரவில்லை.

"உங்க பெய்ஷேவோட அப்பா பேரு என்ன?"

"போல்ஜோஷ்."

"எங்க பெய்ஷேவோட அப்பா தைலாக். உங்க பெய்ஷே வேற, எங்க பெய்ஷே வேற. உன் பையை நீயே தூக்கு, அண்ணே."

இந்தத் தடவை வகுப்பு மிர்சாத்தைப் பார்த்துச் சிரித்தது. சாய்கலும் சிரித்தாள். ஆனால் முன்வரிசையில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அது நூரியின் இடம். நூரிக்குக் கிசில்சா வந்திருந்தது.

கிசில்சா என்றால் தட்டம்மை. உடம்பெல்லாம் சிவந்து போகிறதே, அதனால் அந்தப் பெயர். 'சிவப்பி' என்று வைத்துக்கொள்ளுங்களேன். நேற்று சாய்கல் ஜன்னல் வழியாக நூரியைப் பார்த்தாள். முகம் வீங்கி, வெளிச்சம் கூசிக் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். கைக்குழந்தைகளுக்கு வந்தால் இன்னும் மோசம், மூச்சே திணறும் என்று ஊர்ச் செவிலியர் ரஹாத் பள்ளிக்கு வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

சாய்கல் வீட்டிலும் ஒரு கைக்குழந்தை இருந்தான். தெமிர். தெமிர் என்றால் இரும்பு. இந்த இரும்பு வெண்ணெய் மாதிரி இருக்கும். மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பான். கையை விட்டால் தொப்பென்று உட்கார்ந்துவிடுவான். உட்கார்ந்துவிட்டு, ஏதோ பெரிய காரியம் செய்தவன் போல எல்லோரையும் பார்த்துச் சிரிப்பான். அவனுக்கு ஒரு வயது நிறைந்துவிட்டது. வருகிற வியாழக்கிழமை கிசில்சா ஊசி போட வேண்டும்.

சாய்கல் வீட்டுக்குள் நுழையும்போது பக்கத்து வீட்டுக் குல்சுன் அத்தை தேநீர்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார். குல்சுன் அத்தை நல்லவர். மனசில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டார். தொல்லையும் அதுதான். காதில் விழுந்த எதுவும் அவரிடம் ஒரு ராத்திரி தங்காது.

"சினாரா, சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன். அப்புறம் உன் இஷ்டம்" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "பக்கத்து ஊர்ல பாத்மான்னு ஒருத்தி. அவளோட மூணு குட்டிக்கும் கிசில்சா ஊசி போட்டிருக்காங்க. மறுநாளே மூணுக்கும் கால் துவண்டுபோச்சு. நிக்கவே முடியலயாம். பச்சைப் பிள்ளைங்க!"

அம்மா மடியில் இருந்த தெமிரின் கால்களை நீவி விட்டுக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாகத் திரித்த கம்பளிக் கயிறு கிடந்தது. பிள்ளை முதல் அடி எடுத்து வைக்கும்போது அந்தக் கயிற்றால் காலைக் கட்டி, ஊர்ப் பிள்ளைகளை ஓட விட்டு, முதலில் வருகிறவர் கையால் கயிற்றை அறுக்க வைப்பார்கள். அப்படி அறுத்தால்தான் பிள்ளை தடுக்காமல் நடக்கும். அம்மா ஆசை ஆசையாக எப்போதோ திரித்து வைத்த கயிறு அது.

குல்சுன் அத்தை போனதும் அம்மா சொன்னாள். "வியாழக்கிழமை நாம போகல."

சாய்கல் அம்மாவின் முன்னால் போய் நின்றாள். "அம்மா, தெமிருக்கும் நூரி மாதிரி வந்துட்டா?"

"ஊசி போட்டு இவன் கால் போயிட்டா?"

உள்ளறையிலிருந்து பெர்மெத் அக்கா எட்டிப் பார்த்தாள். தலைநகர் பிஷ்கெக்கில் கல்லூரியில் படிக்கிறவள், லீவுக்கு வந்திருந்தாள். "அம்மா! அது வெறும் புரளிம்மா. இதையெல்லாம் போய் நம்புவாங்களா?"

"புரளியாம் புரளி! எனக்குப் பயமா இருக்குன்னு சொல்றேன், நீ புரளிங்கிறே. படிச்சவ நீயே வச்சுக்கோ உன் படிப்பை." அம்மாவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அக்கா உள்ளே போய்விட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அம்மா கம்பளி நூலும் ஊசியுமாக உட்கார்ந்திருந்தாள். சின்னச் சின்னக் காலுறை பின்னிக்கொண்டிருந்தாள்.

"யாருக்கும்மா? தெமிருக்கா?"

"அந்தப் பாத்மாவோட பிள்ளைங்களுக்கு. அவ யாரு என்னன்னு எனக்குத் தெரியாது. ஆனா நடக்காத கால் சில்லுன்னு கிடக்குமேடி. யார் மூலமாவது குடுத்து விடலாம்."

அம்மா அப்படித்தான். சாய்கலுக்கு அம்மாவைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது. அழுதால் மட்டும் தெமிருக்கு ஊசி போட்டுவிடுவார்களா என்ன? எழுந்து அக்காவிடம் போனாள்.

அக்கா கணினி முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். திரையில் ஒரே புள்ளிகளும் கோடுகளும். அதுதான் கல்லூரியில் அவளுக்குக் கொடுத்திருந்த வேலை. தடுப்பூசியைப் பற்றி ஜனங்கள் பேசுவதையெல்லாம் சேர்க்க வேண்டும். யாருக்கு, எதனால், என்ன ஆனது, யார் சொன்னது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. ஒன்றுக்கொன்று சம்பந்தம் இருந்தால் ஒரு கோடு. எந்தப் பேச்சு எங்கே கோணலாயிற்று என்று அந்தப் படத்தில் கண்டுபிடிக்க வேண்டும்.

நடுவில் பூசணிக்காய் மாதிரி ஒரு பெரிய புள்ளி. 'கிசில்சா.' அதிலிருந்து காய்ச்சலுக்கு ஒரு கோடு, இருமலுக்கு ஒரு கோடு, ஊசிக்கு ஒரு கோடு. இன்னொரு கோடு நீளமாக ஓடி, சர்க்கரை ஆலையில் போய் முட்டியது.

"அக்கா, தட்டம்மைக்கும் சர்க்கரை ஆலைக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒண்ணும் கிடையாது. செய்தி, பேச்சு எல்லாத்தையும் படிச்சுட்டு கணினி அதுவா கோடு போடுது. எங்கயோ குழம்பியிருக்கு. இப்ப அழிச்சிடுவேன்."

"இரு, இரு, அழிக்காதே." சாய்கல் அந்தக் கோட்டையே பார்த்தாள். "அக்கா, குல்சுன் அத்தை சொன்ன பேச்சுக்கு அப்பா யாரு?"

"என்னடி உளர்றே?"

"அத்தைக்கு யாரோ சொல்லியிருக்கணும்ல? அவங்க அந்தப் பேச்சுக்கு அப்பா. அவங்களுக்குச் சொன்னவங்க தாத்தா. ஏழு தலைமுறை கேட்டுப் பாக்கலாமா?"

அக்கா தங்கையை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கணினியை மூடினாள். "செருப்பைப் போடு."

குல்சுன் அத்தை முதலில் கோபித்துக்கொண்டார். "ஏன், நான் என்ன இட்டுக்கட்டியா சொல்றேன்?"

"ஐயோ, இல்லத்தை! அம்மா அந்தப் பிள்ளைங்களுக்குக் காலுறை பின்றாங்க. எங்க இருக்காங்கன்னு தெரிஞ்சாத்தானே குடுக்க முடியும்?"

அத்தையின் முகம் இளகிவிட்டது. "உங்கம்மாவுக்குத் தங்க மனசு. எனக்குச் சந்தையில ரொட்டி விக்கிற தோக்தோ சொன்னா."

சந்தையில் தோக்தோ அக்கா வட்ட வட்டமான ரொட்டிகளைத் துணிபோட்டு மூடிக்கொண்டிருந்தார். "ஆமா, நான்தான் சொன்னேன். கிசில்சா மருந்து போட்டாங்களாம். பாத்மாவோட மூணு குட்டிக்கும் கால் வரலயாம்."

"ஊசி போட்டாங்கன்னு உங்களுக்கு யார் சொன்னா அக்கா?"

"ஊசின்னா..." தோக்தோ அக்கா கொஞ்சம் யோசித்தார். "மருந்துன்னுதான் வண்டிக்கார சகின் சொன்னாரு. கிசில்சா மருந்துன்னா ஊசிதானே கண்ணு? பின்ன அதை என்ன ரொட்டியில தடவியா திங்கிறாங்க?"

சாய்கல் அக்காவின் கையைக் கிள்ளினாள். 'அப்பா'வான தோக்தோவின் பேச்சில் ஊசி இருந்தது. 'தாத்தா'வான சகினின் பேச்சில் ஊசி இல்லை, மருந்துதான் இருக்கிறது.

சகின் மாமாவின் சிற்றுந்து சந்தை முனையில் ஆள் சேர நின்றுகொண்டிருந்தது. அவர் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு, கூரை மேல் மூட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"பாத்மா வீட்டு விஷயமா? நான் கண்ணால பாத்தவன்" என்று மேலேயிருந்தே சொன்னார். "கிசில்சாவுக்கு மருந்து அடிச்சாங்க. பாவம், மூணு குட்டியும் மடங்கி மடங்கி விழுந்துச்சு."

"அடிச்சாங்களா? போட்டாங்களா?" என்றாள் பெர்மெத்.

சாய்கலுக்கு வேறு ஒரு கேள்வி இருந்தது. யாரைப் பற்றிப் பேசினாலும் அவர்கள் ஊரில் கேட்கிற கேள்விதான். பழக்கதோஷத்தில் அது தானாக வந்துவிட்டது.

"மாமா, அந்தக் குட்டிகளோட அப்பா பேரு என்ன?"

சகின் மாமா கொறிப்பதை நிறுத்தினார். "அப்பா பேரா?"

"ஆமா."

"எனக்கெப்படிம்மா தெரியும்? அது எந்தக் கிடாயோ!"

"கிடாயா?"

"பின்ன? ஆட்டுக்குட்டிக்கு அப்பன் குதிரையா?" சகின் மாமா சிரித்த சிரிப்பில் மூட்டை ஒன்று சரிந்தது.

சாய்கலும் பெர்மெத்தும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சந்தைக்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பச்சைப் பசேலென்று கிசில்சா வயல்! ஆமாம், அங்கே பீட்ரூட்டுக்கும் கிசில்சா என்றுதான் பெயர். பீட்ரூட்டின் பங்காளியான சர்க்கரைக் கிழங்குக்கும் அதே பெயர். லாரி லாரியாகச் சர்க்கரை ஆலைக்குப் போகிறதே, அந்தக் கிழங்கு. சாய்கல் பிறந்ததிலிருந்து சாப்பிட்டு வந்த கிசில்சா. அது கண் முன்னால் இருந்தும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

"வயல்ல பூச்சிமருந்து அடிச்சாங்க" என்று சகின் மாமா விவரமாகச் சொன்னார். "பாத்மாவோட குட்டிங்க வேலி தாண்டிப் போய் இலையை மேஞ்சிடுச்சு. கால்நடை வைத்தியரை என் வண்டியிலதான் ஏத்திட்டுப் போனேன். அப்புறம் எப்படியிருக்குன்னு தெரியல."

"உங்க பெய்ஷே வேற, எங்க பெய்ஷே வேற" என்று சாய்கல் முணுமுணுத்தாள்.

"யாரும்மா பெய்ஷே? அவருக்கும் கால் வரலயா?" என்றார் சகின் மாமா.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கணினியைத் திறந்தாள். பூசணிக்காய்ப் புள்ளியை இரண்டாகப் பிரித்தாள். ஒரு கிசில்சாவுக்கு அப்பா 'நோய்'. இன்னொரு கிசில்சாவுக்கு அப்பா 'பயிர்'. கோடுகளெல்லாம் தத்தம் வீட்டுக்குப் பிரிந்து போயின. சர்க்கரை ஆலை பயிர்ப் பக்கம் போய்ச் சேர்ந்தது. பூச்சிமருந்து, மூன்று குட்டிகள், மடங்கிய கால்கள், அவையும் அந்தப் பக்கம். ஊசி தனியாக, சாதுவாக இந்தப் பக்கம் நின்றது.

"கணினியும் நம்ம அத்தை மாதிரியே குழம்பியிருக்கு!" அக்கா துள்ளி எழுந்தாள். "இரு, அம்மாகிட்ட போய், நான் அப்பவே சொன்னேனா இல்லையான்னு..."

சாய்கல் அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வேணாங்கா. 'அப்பவே சொன்னேன்'னு ஆரம்பிச்சா அம்மாவுக்கு மறுபடி கோபம்தான் வரும். நான் சொல்றேன்."

அம்மா மூன்றாவது ஜோடியை முடித்துக்கொண்டிருந்தாள். சாய்கல் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். "அம்மா, பாத்மா அத்தை வீடு எங்கன்னு தெரிஞ்சிடுச்சு. அது... பிள்ளைங்க இல்லயாம்மா. ஆட்டுக்குட்டிங்களாம்."

அம்மா அவளையே பார்த்தாள். "என்னைச் சமாதானப்படுத்த அக்காளும் தங்கையும் கதை கட்டுறீங்க."

"இல்லம்மா. நாளைக்குப் போய் உன் கண்ணால பாத்துடு. எனக்கும் பாக்கணும்."

மறுநாள் தெமிரை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா கிளம்பினாள். கையில் காலுறைப் பொட்டலம்.

"ஆட்டுக்குட்டின்னு சொன்னேனேம்மா, அது எதுக்கு?"

"ஒருவேளை பிள்ளைங்களா இருந்தா வேணும்ல?"

பாத்மா அத்தை ஆளும் பெரிது, குரலும் பெரிது. வாசலில் நின்ற அம்மா தயங்கித் தயங்கி, "உங்க குட்டிங்களைப் பாக்க வந்தோம்" என்றாள்.

"என் குட்டிங்களையா? ஏய் குட்டிங்களா, வாங்கடா, விருந்தாளி வந்திருக்காங்க!"

கொட்டிலுக்குப் பின்னாலிருந்து மூன்று குட்டிகள் துள்ளிக்கொண்டு வந்தன. ஒன்று மட்டும் லேசாக விந்தியது. விந்தினாலும் அதுதான் முதலில் வந்து அம்மாவின் பாவாடையை மோந்து பார்த்தது. தெமிர் "ஹா!" என்று கத்திக் கையைத் தட்டினான்.

அம்மாவின் கையிலிருந்த பொட்டலம் நழுவி விழுந்தது. காலுறைகள் புல்லில் சிதறின.

விஷயத்தைக் கேட்ட பாத்மா அத்தை ஒரு காலுறையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் குட்டிங்களுக்கா பின்னினே? யாருன்னே தெரியாம?" அவர் குரல் ஒரு நிமிஷம் சின்னதாகிவிட்டது. பிறகு பழையபடி பெரிதாகிவிட்டது. "ஆனா மூணு ஜோடி எப்படிம்மா போதும்? இதுங்களுக்கு நாலு காலாச்சே!"

அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்கவே இல்லை. கடைசியில் புல்லிலேயே உட்கார்ந்து, தெமிரின் இரண்டு பாதங்களையும் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். நேற்றிலிருந்து அடக்கி வைத்திருந்த பயம் எல்லாம் அழுகையாக வந்தது. சாய்கல் அம்மாவின் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"எனக்கு இருக்கிறது ஒரே பையன்" என்றார் பாத்மா அத்தை. "நீ சொல்ற அந்தக் கிசில்சா ஊசி அவனுக்கும் சின்னதுல போட்டதுதான். இப்ப பட்டாளத்துல இருக்கான். வீட்டுக்கு வந்தா வாசப்படியில தலை இடிக்கும், அவ்வளவு உயரம்."

திரும்பும் வழியில் சகின் மாமாவின் வண்டியில் சாய்கல் முழுக் கதையையும் சொன்னாள். பேச்சு எந்த வழியாக வந்ததோ, அந்த வழியாகவே திரும்பிப் போகட்டும் என்று அவளுக்குத் தோன்றியது. காலுறை சமாச்சாரம் கேட்டு வண்டியே குலுங்கியது. சகின் மாமா தோக்தோ அக்காவிடம் சொன்னார். தோக்தோ அக்கா ரொட்டி வாங்கினவர்களிடமெல்லாம் சொன்னார். குல்சுன் அத்தையிடம் மட்டும் சாய்கலே நேரில் போனாள்.

அத்தைக்கு முகம் சுருங்கிவிட்டது. "நான் ஒரு கூறுகெட்டவ. உங்கம்மாவை எப்படி அழ வச்சுட்டேன்!"

"நீங்க சொன்னதுல முக்கால்வாசி சரிதான் அத்தை. பாத்மா அத்தை நிஜம், மூணு குட்டி நிஜம், கால் மடங்கினது நிஜம். கிசில்சா மட்டும்தான் ஆள் மாறிடுச்சு."

அத்தை முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தார். அன்று சாயங்காலத்துக்குள் தெருவில் இந்தக் கதை தெரியாத வீடே இல்லை.

வியாழக்கிழமை ஊர்ச் சுகாதார நிலையத்தில் நல்ல கூட்டம். குல்சுன் அத்தை தன் மருமகளையும் பேரனையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தார். அம்மா செவிலியர் ரஹாத்திடம் நேராகவே கேட்டாள். "போட்டா இவனுக்கு என்னென்ன ஆகும்? மறைக்காம சொல்லு."

"இப்ப அழுவான். போட்ட இடம் கொஞ்சம் வலிக்கும். ஒரு வாரம் கழிச்சு லேசா காய்ச்சல் அடிக்கலாம், ரெண்டு சிவப்புப் பொரியும் வரலாம். தானா போயிடும். உனக்கு என்ன சந்தேகம் வந்தாலும் என் வீட்டுக் கதவைத் தட்டு."

அம்மா தலையாட்டினாள். இரும்பு என்று பெயர் வைத்த பிள்ளை ஊரே கேட்கும்படி அலறினான். ஒரு வாரம் கழித்துச் சொன்னபடியே காய்ச்சல் வந்தது. அம்மா அவனைத் தோளிலேயே வைத்திருந்தாள். காய்ச்சல் வந்த வழியே போய்விட்டது.

அதற்கப்புறம் ஒரு நாள் தெமிர் மேசையிலிருந்து கையை விட்டான். விழவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே கயிறு அறுக்கும் விருந்து. முற்றத்தில் எண்ணெயில் பொரித்த பூரி மணம். நூரி உடம்பு தேறி, மெலிந்த முகத்தோடு வந்திருந்தாள். பாத்மா அத்தையும் வந்திருந்தார், மூன்று குட்டிகளோடு. விந்தின குட்டிக்கு நாலு காலிலும் கம்பளிக் காலுறை!

தெமிரைப் புல்லில் நிற்க வைத்து, கறுப்பு வெள்ளைக் கயிற்றால் காலைக் கட்டினார்கள். பிள்ளைகள் தூரத்து நெட்டிலிங்க மரத்தடியிலிருந்து ஓடி வர வேண்டும்.

"ஓடு!" என்றார் சாய்கலின் அப்பா.

மிர்சாத் முன்னால் வந்தான். சாய்கல் அவனை முந்தப் பார்த்தாள். அதற்குள், பாத்மா அத்தையின் பிடியிலிருந்து திமிறிக்கொண்டு ஒரு வெள்ளை உருவம் இருவருக்கும் நடுவில் புகுந்து பறந்தது. நாலு காலுறைகளும் கண்ணுக்கே தெரியவில்லை. தெமிரின் முன்னால் போய்த்தான் அது நின்றது.

"கள்ளாட்டம்!" என்று மிர்சாத் கத்தினான். "ஆடெல்லாம் ஜெயிக்கலாமா?"

"முதல்ல வந்தவங்கதான் அறுக்கணும். அதான் முறை" என்றார் அப்பா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

குட்டியால் கத்தரிக்கோல் பிடிக்க முடியுமா? சாய்கல் அதை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறு கையால் கயிற்றைக் கத்தரித்தாள். தெமிர் தன் காலைக் குனிந்து பார்த்தான். ஓர் அடி வைத்தான். இன்னோர் அடி. இன்னும் ஒன்று. பிறகு புல்லில் தொப்பென்று உட்கார்ந்து, எல்லோரையும் பார்த்துச் சிரித்தான். பக்கத்தில் காலுறை போட்டவனும் களைத்துப்போய்ப் படுத்துவிட்டான்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு இரு கையையும் நீட்டினாள். "எந்திரி என் குட்டி! அம்மாகிட்ட வா!"

இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

குல்சுன் அத்தை வாயிலிருந்த பூரியை அவசரமாக விழுங்கினார். "இரு, இரு சினாரா. எந்தக் குட்டியைச் சொல்றே?"